வித்தவுட்னு சொன்னா போதுமா? சக்கரை போடாத டீயும் ரத்தத்துல ஏறுற சுகரும்

எங்க அப்பாவுக்கு சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கே டீக்கடைல "ஒரு டீ, வித்தவுட்"னு சொல்ல ஆரம்பிச்சுட்டார். அம்பது வருசமா ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டு குடிச்ச மனுசன் ஒரே நாள்ல நிறுத்தினது சாதாரண விஷயம் கிடையாது. ஆனா அந்த வித்தவுட் டீல ரெண்டு வர்க்கி நனைச்சு சாப்பிடுவார், சாயங்காலம் வாக்கிங் முடிச்சுட்டு சக்கரை போடாத சாத்துக்குடி ஜூஸ், ராத்திரி பெரிய சொம்புல கேழ்வரகு கஞ்சி. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா முன்னைவிட கூடியிருக்கு. ரிப்போர்ட்டை மேஜைமேல போட்டுட்டு "நான்தான் எதுலயுமே சக்கரை போடலையே, அப்புறம் எங்கேருந்துடா வருது"ன்னு கேட்டார், எனக்கு பதில் தெரியல. அந்தக் கேள்விக்காக நான் படிச்சதும் டாக்டர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்வி எங்க வீட்டுல மட்டும் இல்ல. 2023ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு (ஐசிஎம்ஆர்னா இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்), சென்னைல இருக்கற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னாடி நின்னு பண்ணினது, இந்தியால 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு, இன்னும் 13.6 கோடி பேர் அதுக்கு முந்தின படில நிக்கறாங்கன்னு சொல்லுது. அத்தனை வீட்டுலயும் காலைல காபி போடறாங்க.

குழப்பம் வராம இருக்க ஒண்ணு சொல்லிக்கறேன். இனிமே "சக்கரை"ன்னு எழுதினா ஸ்பூன்ல அள்ளிப் போடறதோ சாப்பாட்டுலயும் பானத்துலயும் ஏற்கனவே இருக்கறதோ, "சுகர்"னு எழுதினா ரத்தத்துல இருக்கற அளவு. நம்ம பேச்சுல ரெண்டும் ஒண்ணா கலந்து கிடக்கறதாலதான் பாதி குழப்பம்.

ரத்தம் மொத்தத்துலயும் ஒரே ஒரு டீஸ்பூன்

நாம சாப்பிடற சோறு, இட்லி, பழம், சக்கரை எல்லாத்துலயும் இருக்கற மாவுச்சத்து வயித்துல உடைஞ்சு கடைசில பெரும்பாலும் குளுக்கோஸா மாறுது. குளுக்கோஸ்னா உடம்பு எரிக்கற விறகு, அவ்வளவுதான். மூளை, தசை எல்லாம் அதுலதான் ஓடுது, அதனால ரத்தத்துல அது இருந்தே ஆகணும்.

எவ்வளவு இருக்கணும்ங்கறதுதான் ஆச்சரியம். பெரியவங்க உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுது. லேப் ரிப்போர்ட்டுல 100ன்னு போட்டிருந்தா, 100 மில்லி ரத்தத்துல 100 மில்லிகிராம் குளுக்கோஸ்னு அர்த்தம், அப்ப 5 லிட்டருக்கு கணக்குப் போட்டா மொத்தம் 5 கிராம். ஒரு டீஸ்பூன் சக்கரையோட எடை! ஆறடி ஆளோட ரத்தம் முழுக்க சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன்தான். இப்ப ஒரு கூல்டிரிங்ஸ் கேனை எடுத்துக்கங்க, 330 மில்லி கோலால சுமார் 35 கிராம் சக்கரை. ரத்தத்துல மொத்தமா இருக்கறதை மாதிரி ஏழு மடங்கை ரெண்டு நிமிஷத்துல உள்ள ஊத்தறோம். ஆனாலும் ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு ரீடிங் ஏழு மடங்கு ஏறிடறது இல்ல, கொஞ்சம் ஏறி ரெண்டு மணி நேரத்துல இறங்கிடும். ஏன்னா உள்ள ஒரு ஏற்பாடு இருக்கு.

கல்யாணப் பந்தி

மண்டப வாசல்ல சொந்தக்காரங்க கூட்டம் நிக்குதுன்னு வச்சுக்கங்க. கூட்டம்தான் குளுக்கோஸ், வாசல்தான் ரத்தம், உள்ள இருக்கற சாப்பாட்டு ஹால்தான் நம்ம தசையும் மத்த உறுப்புகளும். கதவு தானா திறக்காது, மாமா ஒருத்தர் நின்னு "வாங்க வாங்க பந்திக்கு வாங்க"ன்னு கதவைத் திறந்து உள்ள அனுப்பணும். அந்த மாமாதான் இன்சுலின். கணையம்னு வயித்துக்குப் பின்னாடி இருக்கற உறுப்பு, ரத்தத்துல குளுக்கோஸ் ஏறும்போதெல்லாம் விடற ஹார்மோன் அது.

சர்க்கரை நோய்ல ரெண்டு விதமா இது கெடுது. சிலருக்கு கதவு திறக்கற மாமாவே இல்ல, கணையம் இன்சுலினை விடறதே இல்ல. நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கற டைப் 2ல மாமா இருக்கார், கதவுதான் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, எவ்வளவு தள்ளினாலும் லேசாத்தான் திறக்குது. இதுக்குப் பேரு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். முதல்ல கணையம் இன்னும் நாலு மாமாவை அனுப்பி சமாளிக்கும், வருசக்கணக்கா அப்படி ஓடினா அதுவும் களைச்சுப் போயிடும், அப்பதான் வாசல்ல கூட்டம் நிரந்தரமா தேங்க ஆரம்பிக்குது.

இன்னொரு ஆளும் இருக்கார், கல்லீரல். கூட்டம் அதிகமானா கொஞ்சம் பேரை பக்கத்து வீட்டுல தங்க வச்சுட்டு, வாசல் காலியானா திருப்பி அனுப்பி வைப்பார். ராத்திரி முழுக்க நாம சாப்பிடாம தூங்கும்போது மூளைக்கு விறகு போறது இப்படித்தான். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலைல எப்படி 150 காட்டுது"ன்னு நிறைய பேர் மிஷினையே சந்தேகப்படுவாங்க. விடியக்காலைல கல்லீரல் அனுப்பற குளுக்கோஸை இன்சுலின் சரியா கட்டுப்படுத்த முடியாததுதான் பெரும்பாலும் காரணம், மிஷின்மேல தப்பு இல்ல.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: சாப்பிட்டா சுகர் ஏறும், எல்லாருக்கும் ஏறும், அது தப்பே இல்ல. ரொம்ப உயரத்துக்கு ஏறறதும், ஏறினது இறங்காம நிக்கறதும்தான் பிரச்சனை. சுகர் சீரா இருக்குன்னா சின்னச் சின்ன மேடா ஏறி இறங்குதுன்னு அர்த்தம், நேர்கோடா ஓடுதுன்னு இல்ல.

குடிக்கறது ஏன் வேகமா ஏறுது

ஒரே முந்நூறு பேர் கல்யாணத்துக்கு வர்றாங்க. காலைலருந்து பத்துப் பத்து பேரா நடந்து வந்தா மாமா ஒருத்தரே அனுப்பிடுவார். நாலு பஸ்ல மொத்தமா வந்து இறங்கினா வாசல் திணறிடும். ஆள் எண்ணிக்கை அதேதான், வந்து சேர்ற வேகம்தான் வேற.

சாப்பாடா போறதை வயிறு அரைச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடலுக்குத் தள்ளும். நார், கொழுப்பு, புரதம் மூணும் கூட இருந்தா இன்னும் மெதுவாப் போகும். தண்ணியா போறதுக்கு அரைக்கற வேலையே இல்ல, சீக்கிரமா குடலுக்குப் போய் அங்கேருந்து ரத்தத்துக்கு ஏறிடுது. சாத்துக்குடியை சுளை சுளையா மென்னு தின்னா ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு, அதுக்கே வாய் வலிக்கும் வயிறும் நிறையும். ஜூஸ் கடைல மூணு நாலு பழத்தைப் பிழிஞ்சு சக்கையை குப்பைல போட்டுட்டு தண்ணியை மட்டும் குடுக்கறாங்க, அதை ஒரே மூச்சுல குடிச்சுட்டு இன்னொரு வேளை சோறும் சாப்பிட நம்மால முடியுது. வேகமும் கூடுது, அளவும் கூடுது, ரெண்டும் சேர்ந்துதான் அப்பாவோட ரிப்போர்ட்டுல உக்காந்திருந்தது.

இந்த வேகத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு, கிளைசெமிக் இண்டெக்ஸ்னு. 1981ல டொரண்டோ பல்கலைக்கழகத்துல டேவிட் ஜென்கின்ஸும் கூட இருந்தவங்களும் கொண்டு வந்தது. சுத்த குளுக்கோஸுக்கு 100ன்னு வச்சுக்கிட்டு, மத்த சாப்பாடு அதோட ஒப்பிட்டா ரத்தத்துல எவ்வளவு ஏத்துதுன்னு போடற மார்க் அது. நம்ம வெள்ளைச் சக்கரை 65 பக்கத்துல வரும், பால் அதுல பாதியோ அதைவிடக் குறைச்சலோதான். ஆனா இந்த மார்க்கை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மார்க் கம்மியா இருக்கறதையும் ஒரு சொம்பு குடிச்சா அளவு சேர்ந்துதான் போகும்.

"சக்கரை போடல"ங்கறதும் "சக்கரை இல்ல"ங்கறதும்

இதுதான் அப்பா மாட்டின இடம், நிறைய பேர் மாட்டற இடமும் இதுதான். நம்ம கை போட்ட சக்கரையை மட்டுந்தான் நாம எண்ணறோம், இயற்கையாவே அதுல இருக்கறதை எண்ணறது இல்ல.

ஆரஞ்சு ஜூஸ் 200 மில்லில ஒரு ஸ்பூன்கூட போடாமலே 16லேருந்து 20 கிராம் வரைக்கும் சக்கரை இருக்கும். கரும்பு ஜூஸை சொல்லவே வேண்டாம், சக்கரை ஆலைக்குப் போற அதே சாறுதான் அது, ஒரு பெரிய டம்ளர்ல 30 கிராமுக்குப் பக்கத்துல வரும், இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிஞ்சுட்டா அது குறைஞ்சிடாது. உலக சுகாதார நிறுவனம் 2015ல குடுத்த வழிகாட்டுதல்ல பழத்தை இதுல சேர்க்கல ஆனா பழ ஜூஸையும் தேனையும் வெள்ளைச் சக்கரையோட ஒரே பட்டியல்ல வச்சிருக்காங்க, ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னும் சொல்றாங்க. அப்படிப் பார்த்தா ஒரு டம்ளர் ஜூஸ்லயே அன்னைக்கு கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சது.

இளநீர் இந்தக் கூட்டத்துல கொஞ்சம் நல்ல பிள்ளை. ஒரு காய்ல தண்ணி அளவைப் பொறுத்து பத்து கிராம் பக்கத்துல இருக்கும். சுகர் கட்டுப்பாட்டுல இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு எப்பவாவது ஒண்ணு குடிக்கறது வேற, வெயில் காலத்துல தண்ணிக்குப் பதிலா தினம் மூணு குடிக்கறது வேற. கிட்னி பாதிப்பு இருக்கறவங்க அதுல இருக்கற பொட்டாசியத்துக்காகவே தள்ளி நிக்கணும்.

பால்லயும் சக்கரை உண்டு, லாக்டோஸ்னு பேரு, பாலுக்கே உரிய சக்கரை, 100 மில்லிக்கு சுமார் 5 கிராம். அப்ப வித்தவுட் காபிலயும் ஒரு டீஸ்பூன் இருக்கான்னு பயந்துடாதீங்க. பால்ல புரதமும் கொழுப்பும் இருக்கறதால அது மெதுவாத்தான் ஏறுது, சக்கரை போடாத காபி ஒண்ணு ரெண்டு பெரும்பாலானவங்களுக்கு பெரிய பிரச்சனை பண்ணாது. ஒரு நாளைக்கு ஆறு காபின்னா மட்டும் அரை லிட்டருக்கு மேல பால் உள்ள போகுதுன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

கஞ்சியும் கூழும்தான் மனசுக்கு கஷ்டமான விஷயம். கேழ்வரகும் கம்பும் நல்ல தானியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மாவா அரைச்சு தண்ணில கரைச்சு காய்ச்சும்போது வயித்துக்கு மிச்சம் வேலையே வைக்கறதில்ல, மாவுச்சத்து வேகமா உடையுது. உப்பு போட்டு குடிக்கறதால இது சக்கரை இல்லாத பானம்னு தோணும், உண்மைல அது ஒரு வேளை சாப்பாடு. சாப்பாடா எண்ணி அளவா குடிச்சா, கூட சின்ன வெங்காயமும் ஒரு முட்டையோ சுண்டலோ வச்சுக்கிட்டா சரி, இட்லி சாப்பிட்டுட்டு மேல ஒரு சொம்பு கஞ்சின்னா ரெண்டு சாப்பாடு. மால்ட் பவுடர் கதையும் இதான், தானியத்தை முளைகட்டி அதுல இருக்கற மாவைச் சக்கரையா உடைச்சதுதான் மால்ட், அதைப் பால்ல கலந்து வயசானவங்களுக்கு சத்துன்னு குடுக்கறாங்க.

அப்புறம் வர்க்கி, ரஸ்க், மேரி பிஸ்கட். எல்லாமே மைதா, சக்கரை, எண்ணெய். சுகர் பேஷண்ட்டுக்குன்னே யாரோ அனுமதிச்ச மாதிரி மேரி பிஸ்கட் எப்படி நம்ம வீடுகள்ல புகுந்துச்சுன்னு எனக்குப் புரியல, ஒண்ணுல சுமார் 4 கிராம் மாவுச்சத்து, நாலு சாப்பிட்டா டீல மூணு ஸ்பூனுக்கு மேல சக்கரை போட்டதுக்குச் சமம்.

நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, தேன்

சுக்கு காபில கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதுன்னு சொல்லாத சொந்தக்காரங்களே கிடையாது. வெள்ளைச் சக்கரை, நாட்டுச்சக்கரை, வெல்லம், கருப்பட்டி நாலுலயும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த ஒரே பொருள். கருப்பட்டில மணம் இருக்கு, கொஞ்சம் தாது உப்பு இருக்கு, உண்மைதான், ஆனா ஒரு ஸ்பூன்ல கிடைக்கற தாது உப்பு ரொம்பக் கொஞ்சம், கிடைக்கற சக்கரை நிறைய. தேன்லயும் ஐந்துல நாலு பங்கு சக்கரைதான். பந்தி வாசலுக்கு வர்ற கூட்டம் வேட்டி கட்டி வந்தா என்ன பேண்ட் போட்டு வந்தா என்ன, கதவைத் திறந்து உள்ள விட்டே ஆகணும்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் பிளேன்டீல சக்கரையே கலக்காம, பனங்கட்டித் துண்டை (நம்ம கருப்பட்டிதான்) ஓரமா கடிச்சுக்கிட்டே குடிப்பாங்க. சுகர் இல்லாதவங்களுக்கு அது நல்ல பழக்கம்னு எனக்குத் தோணுது, டம்ளர்ல கரைஞ்சு மறையற மூணு ஸ்பூனைவிட கைல தெரியற ஒரு சின்னத் துண்டு கணக்கா நிக்கும்.

பாக்கெட்ல என்ன எழுதியிருக்கு

"நோ ஆடட் சுகர்"னா தயாரிச்சவங்க தனியா சக்கரை போடலன்னு மட்டுந்தான் அர்த்தம், பழத்துலேருந்து வந்தது உள்ளதான் இருக்கும். "சுகர் ஃப்ரீ"ன்னு போடணும்னா 100 மில்லிக்கு அரை கிராமுக்கு மேல சக்கரை இருக்கக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி இருக்கு. 2024 ஜூன்ல, பழச்சாறு சத்தைத் தண்ணி சேர்த்துக் கரைச்ச ஜூஸ்கள்மேல "100% பழ ஜூஸ்"னு போடறதை எடுக்கச் சொல்லியும் அவங்க உத்தரவு போட்டாங்க. முன்பக்கத்து பெரிய எழுத்தை விட்டுட்டு பின்பக்கம் கட்டத்துல கார்போஹைட்ரேட்னு இருக்கற வரியை முதல்ல பாருங்க, அதுலதான் மாவும் சக்கரையும் சேர்ந்து வரும்.

இனிப்பு மாத்திரை பத்தி ஒரு வரி. சுக்ரலோஸ், ஸ்டீவியா மாதிரி ஐட்டங்கள் நேரடியா சுகரை ஏத்தறது இல்ல. உடம்பு எடை குறைக்க இதை நம்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்னது, ஏற்கனவே சர்க்கரை நோய் இருக்கறவங்களை அந்த ஆலோசனைல சேர்க்கல. என் கருத்து, ஆரம்பத்துல ஊன்றுகோலா வச்சுக்கலாம், ஆனா அது இருக்கற வரைக்கும் நாக்கு இனிப்பையே எதிர்பார்த்துக்கிட்டு இருக்கும்.

சக்கரையேதான் மருந்தாகற நேரம்

இதை விட்டுட்டு இந்தக் கட்டுரையை எழுதறது தப்பு. இன்சுலின் ஊசியோ, சுகரை நல்லா இறக்கற சில மாத்திரைகளோ எடுக்கறவங்களுக்கு சாப்பாடு தள்ளிப்போனா சுகர் 70க்குக் கீழ போயிடலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். அப்ப "எனக்கு சக்கரை ஆகாது"ன்னு வீம்பு பிடிக்கக்கூடாது. மூணு டீஸ்பூன் சக்கரையை தண்ணில கரைச்சு குடிக்கணும், 15 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும், இன்னும் ஏறலன்னா திரும்பவும் குடிக்கணும். தண்ணியா போறது வேகமா ஏறும்னு மேல குறையா சொன்னேனே, அந்த வேகம்தான் இங்க உயிரைக் காப்பாத்துது. சாக்லேட்டும் பிஸ்கட்டும் இதுக்கு ஆகாது, அதுல இருக்கற கொழுப்பு தாமதப்படுத்திடும். ஆள் மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும், உடனே ஆஸ்பத்திரிதான்.

நாக்கைப் பழக்கறது

சரி, சக்கரை இல்லாம குடிக்கறதை எப்படி ரசிக்கறது? கஷ்டப்பட்டு விழுங்கற பழக்கம் நிலைக்காது, ருசியா இருந்தாத்தான் நிலைக்கும்.

நாக்குக்கு இனிப்போட அளவு பழக்கத்துல வர்றது. படிப்படியா குறைச்சா சில வாரத்துல, சிலருக்கு ரெண்டு மூணு மாசத்துல, முன்ன சாதாரணமா இருந்தது திகட்ட ஆரம்பிச்சிடும். ரெண்டு ஸ்பூன்னா முதல் வாரம் ஒன்றரை, அப்புறம் ஒண்ணு, அப்புறம் அரைன்னு இறங்குங்க. ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னா அப்படியே நிறுத்திடுங்க, அதுலயும் நாக்கு பழகிடும்.

காபில சக்கரை எதை மறைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு பார்த்தா, பழைய டிகாஷனோட கசப்பையும் அதிக சிக்கரியையும்தான். சக்கரையை எடுத்துட்டா அந்தக் குறை அப்படியே வெளில தெரியும், அதனால பொடியை மாத்தணும். சிக்கரி கம்மியா இருக்கற புதுப் பொடி, முதல் டிகாஷன், அதை அடுப்புல கொதிக்க விடாம நல்லா சூடான பாலை அதுல ஊத்தி டபராவுல ரெண்டு ஆத்து. பாலோட லேசான இனிப்பே தெரியும், சக்கரை போட்டுக் குடிச்ச காலத்துல அது தெரிஞ்சதே இல்ல. டீன்னா தூளை ரொம்ப நேரம் கொதிக்க விடாதீங்க, துவர்ப்பு ஏறிடும், ஏலக்காயோ கொஞ்சம் சோம்போ தட்டிப் போட்டா அந்த வாசனையே பாதி இனிப்பை ஈடு கட்டிடும். அதிமதுரம் உண்மையாவே இனிக்கும், ஆனா தினம் குடிச்சா பிபியை ஏத்தும், சுகரும் பிபியும் சேர்ந்தே இருக்கற வீடுகள்ல அது வேண்டாம்.

கடுங்காபி குடிக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு, கஃபீன் சிலருக்கு இன்சுலின் வேலையை கொஞ்ச நேரம் மந்தமாக்கும், சக்கரையே இல்லாம குடிச்சும் ரீடிங் கொஞ்சம் கூடலாம். வீட்டுல மிஷின் இருந்தா குடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு பார்த்தா உங்க உடம்பு எந்த வகைன்னு தெரிஞ்சிடும். ஃபாஸ்டிங் டெஸ்டுக்குப் போற அன்னைக்கு அந்தக் காபியும் கூடாது, வெறும் தண்ணிதான்.

வெயிலுக்கு நீர்மோரை மிஞ்சினது எதுவும் இல்ல. தயிரைக் கடைஞ்சு தண்ணி தாராளமா விட்டு, இஞ்சி, பச்சை மிளகா, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு மட்டும் கை குறைச்சு. மண்பானைத் தண்ணில வெட்டிவேர் ஒரு பிடி போட்டு வைங்க, ஒரு ராத்திரில பானை மொத்தமும் மணக்கும், அதுல எண்ணவேண்டிய சக்கரையே கிடையாது. சீரகத் தண்ணி, எலுமிச்சை பிழிஞ்ச உப்பு சோடா, புளி குறைச்ச மிளகு ரசம் ஒரு டம்ளர். நன்னாரி வேரை ஊறப்போட்ட தண்ணி நல்லது, கடைல விக்கற நன்னாரி சர்பத் பாகு, ரெண்டும் பேர்ல மட்டும்தான் ஒண்ணு. வெந்தயம் ஊறவச்சா தண்ணியை மட்டும் வடிச்சுக் குடிக்காம விதையையும் மென்னுடுங்க, நார் விதைலதான் இருக்கு. ஆவாரம்பூ டீயும் மணமா இருக்கும், ரசிச்சுக் குடிங்க, ஆனா அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்க ஆஸ்பத்திரில படுத்ததை எங்க சொந்தத்துலயே பார்த்திருக்கேன், அந்தத் தப்பை யாரும் செய்யாதீங்க.

அப்பா இப்ப காலைல ஒரு காபி, சாயங்காலம் ஒரு டீ, வர்க்கி கிடையாது, கூட ஒரு கைப்பிடி வறுத்த கடலை. ஜூஸ் கடைக்குப் போற நேரத்துல வீட்டுல சாத்துக்குடியை உரிச்சு சுளையா தின்னறார். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஹெச்பிஏ1சி டெஸ்ட், அதாவது ரத்தச் சிவப்பணுல இருக்கற ஹீமோகுளோபின்ல எத்தனை சதவீதத்துல குளுக்கோஸ் ஒட்டியிருக்குன்னு பார்த்து மூணு மாச சராசரியைச் சொல்ற டெஸ்ட், அதுல நம்பர் இறங்கிக்கிட்டு வருது, டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கார், தொடர்ந்து போடறார். கல்யாண வீட்டுக்குப் போனா மட்டும் இன்னும் சிக்கல், அங்க கேன்ல முன்னாடியே சக்கரை கலந்து வச்சிருப்பாங்க, வித்தவுட்னு சொன்னாலும் "கம்மியாத்தான் இருக்கு சார்"னு அதையே ஊத்திக் குடுப்பாங்க. போன வாரம் ஒரு கல்யாணத்துல அவர் நேரா சமையல்கட்டுக்கே போய் "தம்பி, பாலும் டிகாஷனும் தனித்தனியா குடுப்பா"ன்னு கேட்டு வாங்கி, தானே ஆத்திக் குடிச்சுட்டு வந்தார்.